கடிதத்தில் வரும் கடினச் சொற்கள்
ஆங்கிலச் சொல்லை வரையறையோடும் வாக்கியத்தோடும் கற்கும் முறை

அரசாங்க இலாகாக்களிலிருந்து தோட்டத்திற்கு வரும் கடிதங்கள் தேசிய மொழியில் அமைந்திருப்பதை நாம் அறிவோம். ஆயினும் தோட்ட நிறுவனங்களின் தலைமையகங்களும் வழக்கறிஞர்களும் அனுப்பும் கடிதங்கள் ஆங்கிலத்தில் வருவது இன்னும் உண்டு. வேலை ஒப்பந்தங்களும் சில வேளைகளில் அம்மொழியிலேயே எழுதப்படுகின்றன. கடையிலும் பேருந்திலும் மருத்துவமனையிலும் பேசும் ஆங்கிலம் நம்மில் பலருக்குப் பழக்கமானதே. ஆனால், அந்த ஆங்கிலத்தைக் கொண்டு இந்தக் கடிதங்களைப் படித்துவிட இயலாது. கடிதத்தின் சொற்கள் வேறு. தெருவின் சொற்கள் வேறு.

இதனால் விளையும் இழப்பு எத்தகையது என்பதை ஒரு கணக்கின் மூலம் காண்போம். 12 ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் பால் வெட்டிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். தோட்டம் விற்கப்படுகிறது, ஆட்கள் தேவையில்லை என்கிறது நிர்வாகம். அவருக்குக் கிடைக்கும் தாளில் ‘ரிட்ரென்ச்மென்ட்’ என்னும் சொல் இருந்தால், அஃது ஆட்குறைப்பு ஆகும். 1980ஆம் ஆண்டின் வேலை முடிப்பு, தற்காலிகப் பணிநிறுத்தம் ஆகியவற்றுக்கான நலன் விதிகளின்படி, 5 ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் உரியது. ஒரு நாள் சம்பளம் 70 ரிங்கிட் என்று கணக்கின் வசதிக்காக வைத்துக்கொண்டால், 12 ஆண்டுகளுக்கு 240 நாள் சம்பளம், அதாவது 16,800 ரிங்கிட் அவருக்குச் சேர வேண்டும்.

அதே மனிதரிடம் நீட்டப்படும் தாளில் ‘வாலன்டரி ரெசிக்னேஷன்’ என்று இருக்குமாயின், அது ‘என் சொந்த விருப்பத்தால் வேலையை விட்டு விலகுகிறேன்’ என்று பொருள்படும். தாமாக விலகியவருக்குப் பொதுவாக அந்த விதிகளின் கீழ் எதுவும் இல்லை. தாள் ஒன்றே, கையொப்பம் ஒன்றே, இடையில் மாறியது ஒரு சொல்தான். அச்சொல்லின் விலை 16,800 ரிங்கிட்.

ஆதலின், உயர்நிலை ஆங்கிலச் சொற்களைக் கற்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு அன்று. அது நம் உழைப்பின் பயனைக் காக்கும் வேலி. அவ்வேலியை எவ்வாறு கட்டுவது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

வரையறை என்பது யாது?

ஒரு சொல்லின் பொருளை எல்லை கட்டிச் சொல்வதே வரையறை. இதனை நம் தொழிலைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

‘ஒட்டுப்பால் என்றால் என்ன?’ என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்கிறார். ‘அது ரப்பர்’ என்று விடை கூறினால், அவருக்கு ஏதும் விளங்காது. மங்கில் சேர்ந்த பாலும் ரப்பர்தான். காய்ந்த ஷீட்டும் ரப்பர்தான். இவ்விடை மிக அகன்றது. ‘இன்று காலை அந்த மரத்தில் நான் உரித்தெடுத்தது’ என்று கூறினால், அது மிகக் குறுகியது. ‘பால் வடிந்து நின்ற பிறகு, வெட்டிய பட்டையின் மேல் ஒட்டி உறைந்துபோன ரப்பர்’ என்று கூறினால், அவர் கண்முன் அப்பொருள் வந்து நிற்கும். முதலில் அஃது எந்த இனம் என்றும், பின்னர் அந்த இனத்தில் மற்றவற்றிலிருந்து எவ்வகையில் வேறுபட்டது என்றும் சொல்லிவிட்டோம். நல்ல வரையறைக்கு இவ்விரண்டு பகுதிகளும் வேண்டும்.

ஆழ வெட்டினால் மரம் காயப்படும். மேலாக வெட்டினால் பால் வாராது. வரையறையும் அத்தகையதே. ‘ரிட்ரென்ச்மென்ட் என்றால் வேலை போவது’ என்று மட்டும் மனத்தில் பதிப்பவர் மேலாக வெட்டியவர் ஆவார். வேலை போவதற்கு வழிகள் பல. எந்த வழி என்பதை அறிந்தால்தான் உரிமையும் தெரியும்.

எடுத்துக்காட்டு வாக்கியம் எதற்கு?

வரையறை ஒரு சொல்லின் முகத்தைக் காட்டும். அச்சொல் யாரோடு பழகும், எந்த இடத்தில் வரும் என்பதை எடுத்துக்காட்டு வாக்கியமே காட்டும். புதிதாகத் தோட்டத்திற்கு வந்தவரைப் படத்தில் பார்ப்பதற்கும், பிரட்டுக் களத்தில் நாலு பேரோடு நிற்கையில் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டல்லவா? அவ்வேறுபாடே இங்கும் உள்ளது.

இவ்வுண்மையை அகராதி எழுதியவர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்தனர். 1755ஆம் ஆண்டில் இலண்டனில் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட ஆங்கில அகராதி 40,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கூறியதோடு நில்லாமல், எழுத்தாளர்களின் நூல்களிலிருந்து எடுத்துக்காட்டுகளையும் ஏராளமாகத் தந்தார். ஆனால், அந்த அகராதி ஆங்கிலேயருக்காக எழுதப்பட்டது. அதன் வரையறைகளைப் புரிந்துகொள்ளவே இன்னோர் அகராதி தேவைப்படும்.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்போரின் இடரை நீக்கியவர்கள் ஆசிய நாடுகளில் பணியாற்றிய ஆசிரியர்களே. வங்காளத்தில் டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்பார், 1935ஆம் ஆண்டில் வெளியான தமது அகராதியில் 1,490 எளிய சொற்களைக் கொண்டே எல்லாச் சொற்களையும் விளக்கினார். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி என்பாரும் அவர்தம் துணைவர்களும் 1942ஆம் ஆண்டில் தோக்கியோவில் வெளியிட்ட அகராதி, ஒவ்வொரு சொல்லும் வாக்கியத்தில் அமையும் முறையைக் காட்டியது. அதனையே 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் மாணவர் அகராதியாக வெளியிட்டது. 1978இல் வந்த லாங்மன் அகராதி ஏறத்தாழ 2,000 சொற்களுக்குள் தன் விளக்கங்களை அடக்கியது. 1987இல் வந்த கோபில்ட் அகராதியோ வரையறையையே முழு வாக்கியமாக எழுதிக் காட்டியது.

அகராதி வாங்க நினைப்போர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். கற்போருக்கென எழுதப்பட்ட அகராதியே நமக்கு ஏற்றது. எளிய ஆங்கிலம் அறிந்தவர் அதனைக் கொண்டு கடினமான ஆங்கிலத்தை எட்டிப் பிடிக்கலாம்.

வேலை முடிவதைக் குறிக்கும் ஐந்து சொற்கள்

இனி, மேற்கூறிய முறையில் சில சொற்களைப் பயில்வோம். வேலை முடிவதைக் குறிக்க ஆங்கிலக் கடிதங்களில் ஐந்து சொற்கள் அடிக்கடி வருகின்றன. இங்கே கூறப்படும் சட்ட விவரங்கள் தீபகற்ப மலேசியாவுக்கு உரியவை.

‘டெர்மினேஷன்’: வேலை ஒப்பந்தம் முடிவுக்கு வருதல். இது பொதுச் சொல். யார் முடித்தார், ஏன் முடித்தார் என்பதை இச்சொல் மட்டும் தெரிவிக்காது. எடுத்துக்காட்டு: ‘அவருடைய ஒப்பந்தத்தின் டெர்மினேஷன் மார்ச் 31இல் நடப்புக்கு வருகிறது, காரணம் கடிதத்தின் இரண்டாம் பத்தியில் உள்ளது.’ எனவே இச்சொல்லைக் கண்டதும் காரணத்தைத் தேட வேண்டும்.

‘ரிட்ரென்ச்மென்ட்’: தேவைக்கு மேல் ஆட்கள் இருப்பதால் நிர்வாகம் செய்யும் ஆட்குறைப்பு. இதில் தொழிலாளியின் குற்றம் ஏதுமில்லை. எடுத்துக்காட்டு: ‘தோட்டத்தின் பாதி நிலம் வீடமைப்புக்குப் போனதால் 40 பேர் ரிட்ரென்ச்மென்டுக்கு உள்ளாயினர்.’ இச்சொல்லின் அருகே ‘ரிடன்டன்சி’ என்னும் சொல் வரக் காணலாம். அது ஆள் மிகையாகிவிட்ட நிலையைக் குறிக்கும். ரிடன்டன்சி காரணம், ரிட்ரென்ச்மென்ட் அதன் விளைவு.

‘டிஸ்மிசல்’: முதலாளி தொழிலாளியை வேலையிலிருந்து நீக்குதல், பெரும்பாலும் ஒழுங்கீனத்தைக் காரணங்காட்டி நீக்குவதைக் குறிக்கும். எடுத்துக்காட்டு: ‘விசாரணை நடத்தாமல் டிஸ்மிசல் செய்தது முறையன்று என்று சங்கம் வாதிட்டது.’ 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், ஒழுங்கீனத்திற்காக ஒருவரை நீக்குமுன் தக்க விசாரணை நடத்தப்பட வேண்டும் என்கிறது.

‘ரெசிக்னேஷன்’: தொழிலாளி தாமே வேலையை விட்டு விலகுதல். எடுத்துக்காட்டு: ‘மகனோடு கிள்ளானில் தங்கப் போவதால் அவர் தம் ரெசிக்னேஷன் கடிதத்தைக் கொடுத்தார்.’ இதனோடு ‘வாலன்டரி’ என்னும் சொல் சேர்ந்து வரும். ‘சொந்த விருப்பத்தின்பேரில்’ என்பது அதன் பொருள். நம் விருப்பம் அதுவன்று எனில், அச்சொல் உள்ள தாளில் நம் பெயர் இருத்தலாகாது.

‘ரிடையர்மென்ட்’: வயது முதிர்ந்து ஓய்வு பெறுதல். எடுத்துக்காட்டு: ‘அடுத்த ஆண்டு 60 வயது நிறைவதால் அவர் ரிடையர்மென்டுக்கு ஆயத்தமாகிறார்.’ 2012ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் 2013 ஜூலை முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி தனியார்துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60.

ஐந்து சொற்களையும் தமிழில் ‘வேலை போய்விட்டது’ என்று ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடலாம். சட்டமோ ஐந்தையும் ஐந்து வகையாகப் பார்க்கிறது.

பணத்தைச் சூழ்ந்து நிற்கும் சொற்கள்

‘நோட்டிஸ்’ என்பது நமக்குத் தெரிந்த சொல்லே. பலகையில் ஒட்டப்படும் அறிவிப்பு என்றே நாம் நினைப்போம். வேலை ஒப்பந்தத்தில் அது முன்னறிவிப்புக் காலத்தைக் குறிக்கும். ஆட்குறைப்பின்போது 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரமும், 2 முதல் 5 ஆண்டுக்கு உட்பட்டவருக்கு 6 வாரமும், 5 ஆண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 8 வாரமும் குறைந்தபட்ச முன்னறிவிப்பு என்று வேலைச் சட்டம் வரையறுத்துள்ளது.

‘இன் லியூ ஆஃப்’: ஒன்றற்குப் பதிலாக. எடுத்துக்காட்டு: ‘எயிட் வீக்ஸ் வேஜஸ் இன் லியூ ஆஃப் நோட்டிஸ்’ என்று கடிதத்தில் இருந்தால், ‘8 வார முன்னறிவிப்புக்குப் பதிலாக 8 வாரச் சம்பளம்’ என்று பொருள். இத்தொகை வேறு, முன்பு நாம் கணக்கிட்ட 240 நாள் சம்பளம் வேறு. ஒன்றைக் கொடுத்ததனால் மற்றொன்று தீர்ந்துவிடாது.

‘டெர்மினேஷன் பெனஃபிட்’: வேலை முடிக்கப்பட்டதற்காகச் சட்டப்படி சேர வேண்டிய நலன் தொகை. தொடர்ந்து 12 மாதமேனும் வேலை செய்திருக்க வேண்டும். உடலுழைப்புத் தொழில் செய்யாதவரெனில், மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதிருக்க வேண்டும். 2 ஆண்டுக்குக் குறைவெனில் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம்; 2 முதல் 5 ஆண்டுக்கு உட்பட்டதெனில் 15 நாள்; அதற்கு மேல் 20 நாள். வேலை முடிந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும்.

‘எக்ஸ் கிரேஷியா’: கடமையாக அன்றி, நல்லெண்ணத்தால் தருவதாகக் கூறிக் கொடுக்கப்படும் தொகை. எடுத்துக்காட்டு: ‘தீபாவளியை முன்னிட்டு நிறுவனம் 300 ரிங்கிட் எக்ஸ் கிரேஷியா வழங்கியது.’ ஆட்குறைப்புக் கடிதத்தில் இச்சொல் இருந்தால், ஒரு வினா எழுப்ப வேண்டும்: ‘இத்தொகை சட்டப்படி எனக்குச் சேர வேண்டியதற்கு மேலாக வருகிறதா, அல்லது அதன் இடத்தில் வருகிறதா?’

‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்’: முழுமையும் இறுதியுமான கணக்குத் தீர்வு. இதில் கையொப்பமிட்டவர் பிற்பாடு ‘இன்னும் பாக்கி உண்டு’ என்று கோருவது கடினமாகும். மளிகைக் கடையில் கணக்குத் தீர்க்குமுன் கூட்டிப் பார்க்காதவர் உண்டோ? இங்கும் கூட்டிப் பார்த்த பின்னரே பேனாவை எடுக்க வேண்டும்.

‘நாமினி’: நம் காலத்திற்குப் பின் சேமநிதி முதலியவற்றைப் பெறுவதற்காக நாம் பெயர் குறித்து வைக்கும் ஆள். எடுத்துக்காட்டு: ‘அவர் தம் மனைவியை நாமினியாக எழுதி வைத்தார்.’ ஊழியர் சேமநிதிப் படிவத்தில் காணும் ‘பெனாமா’ என்னும் மலாய்ச் சொல் இதனையே குறிக்கிறது. தமிழில் வழங்கும் ‘பினாமி’ என்னும் சொல்லோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. பினாமி என்பவர் பிறர் சொத்தைத் தம் பெயரில் வைத்திருப்பவர்.

‘டிஸேபிள்மென்ட்’: வேலையால் ஏற்பட்ட காயத்தால் உடல் செயலாற்றும் திறனை இழத்தல். ‘டெம்பரரி’ என்று முன்னே வந்தால் தற்காலிகம். ‘பெர்மனென்ட்’ என்று வந்தால் நிரந்தரம். எடுத்துக்காட்டு: ‘வீட்டிலிருந்து பால் வெட்டச் செல்லும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவருக்கு 10 நாள் டெம்பரரி டிஸேபிள்மென்ட் சலுகை கிடைத்தது.’ வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தும் 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில், அதாவது சொக்சோ திட்டத்தில் அடங்கும். மருத்துவ விடுப்பு குறைந்தது 4 நாளேனும் இருக்க வேண்டும் என்பதையும் அறிதல் நலம்.

தெரிந்த சொல்லின் தெரியாத பொருள்

முற்றிலும் புதிய சொல்லைக் கண்டால் நாம் நின்று விசாரிப்போம். தெரிந்த சொல்லைக் கண்டால் நிற்க மாட்டோம். ஆகையால், புதிய சொல்லைவிடத் தெரிந்த சொல்லே சில வேளைகளில் ஏமாற்றிவிடுகிறது.

‘டிடெர்மின்’ என்னும் சொல்லுக்குப் பள்ளியில் ‘தீர்மானி’ என்று பொருள் கற்றிருப்போம். ஒப்பந்தத்தில் ‘திஸ் அக்ரிமென்ட் மே பி டிடெர்மின்ட் பை எயிட் வீக்ஸ் நோட்டிஸ்’ என்று வந்தால், ‘இவ்வொப்பந்தத்தை 8 வார முன்னறிவிப்புக் கொடுத்து முடித்துவிடலாம்’ என்பதே பொருள். தீர்மானித்தல் அங்கே இல்லை, முடித்தலே உண்டு.

‘சர்விஸ்’ என்றால் மோட்டார் சைக்கிளைப் பழுது பார்ப்பதும் ஆகும். ஒருவர் வேலை செய்த மொத்தக் காலமும் ஆகும். ‘கன்டினியுவஸ் சர்விஸ்’ என்பது இடைவிடாத பணிக்காலம். தோட்டம் கை மாறும்போது இச்சொல்லுக்கு மதிப்பு மிகுதி. புதிய உடைமையாளர் 7 நாளுக்குள், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாத வகையில் வேலையைத் தொடர அழைப்பு விடுத்து, தொழிலாளி தக்க காரணமின்றி மறுத்தால், நலன் தொகை கிடையாது. அழைப்புக் கடிதத்தில் பழைய பணிக்காலமும் சேர்த்துக்கொள்ளப்பட்டதா, அல்லது முதல் நாளிலிருந்து எண்ணப்படுகிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

‘ஷல்’, ‘மே’ என்பவை மிகச் சிறிய சொற்கள். ஆயினும் பெரிய ஒப்பந்தங்கள் இவற்றின் மேல்தான் நிற்கின்றன. ‘தி கம்பெனி ஷல் பே’ என்றால் நிறுவனம் கொடுத்தே ஆக வேண்டும். ‘தி கம்பெனி மே பே’ என்றால் கொடுத்தாலும் கொடுக்கலாம், கொடாமலும் இருக்கலாம்.

கைப்பேசியில் மொழிபெயர்ப்பு பார்ப்போர் இப்போது பலர். அது நல்ல துணையே. எனினும் ஒரு சொல்லை மட்டும் தனியே தட்டிப் பார்த்தால், அதன் முதற்பொருளே பெரும்பாலும் முன்னே வரும். முழு வாக்கியத்தையும் கொடுத்துப் பார்ப்பதே பாதுகாப்பு. அதன்பின்னும் ஐயம் இருந்தால், அறிந்தவரைக் கேட்க வேண்டும்.

சொற்களுக்கும் குடும்பம் உண்டு

ஒரு சொல்லைக் கற்றால், அதன் உறவினரையும் அறிந்துகொள்ளலாம். ‘எம்ப்ளாய்’ என்றால் வேலைக்கு அமர்த்து, ‘எம்ப்ளாயர்’ வேலை கொடுப்பவர், ‘எம்ப்ளாயீ’ வேலை பெறுபவர், ‘எம்ப்ளாய்மென்ட்’ வேலை. இறுதியில் ‘ஈ’ ஓசை வந்தால், பெரும்பாலும் அது செயலைப் பெறுபவரைக் குறிக்கும். ‘பேயீ’ பணம் பெறுபவர். ‘டிரெய்னீ’ பயிற்சி பெறுபவர். ‘நாமினீ’ பெயர் குறிக்கப் பெற்றவர். இவ்விதிக்கு விலக்கும் உண்டு. ‘ஆப்சென்டீ’ என்பவர் வேலைக்கு வராதவர். ஆகவே விதியைக் கொண்டு ஊகித்து, அகராதியைக் கொண்டு உறுதி செய்தல் வேண்டும்.

முன்னே ஒட்டும் ‘ரீ’ என்பது ‘மீண்டும்’ என்னும் பொருளை அடிக்கடி தரும். ‘ரீஇன்ஸ்டேட்மென்ட்’ என்றால், நீக்கப்பட்டவரை மீண்டும் அதே வேலையில் அமர்த்துதல். எடுத்துக்காட்டு: ‘நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதிய அவர் ரீஇன்ஸ்டேட்மென்ட் கோரி மனுச் செய்தார்.’ 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, இம்மனுவை வேலை நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் செய்தாக வேண்டும். சொல்லைக் கற்கையில் நாள் கணக்கையும் சேர்த்துக் கற்றுக்கொள்வோமாக.

மலாய் மொழியும் நமக்குப் பாலமாக உதவும். ‘நோத்திஸ்’, ‘கொந்த்ராக்’, ‘இன்சூரான்ஸ்’, ‘எலவுன்’ ஆகிய மலாய்ச் சொற்கள் ஆங்கிலத்திலிருந்து வந்தவையே. மலாய்க் கடிதம் படிக்கத் தெரிந்தவருக்கு இவை ஏற்கெனவே பாதி அறிமுகமானவை.

நாளும் பயிலும் முறை

ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

முதலாவதாக, சொல்லைத் தனியே எழுதாமல், அது வந்த முழு வாக்கியத்தையும் கடிதத்தில் உள்ளவாறே எழுதுங்கள். இரண்டாவதாக, அகராதியைப் பார்த்து, அந்த வாக்கியத்திற்குப் பொருந்தும் வரையறையை மட்டும் உங்கள் சொந்தத் தமிழில் எழுதுங்கள். மூன்றாவதாக, உங்கள் தோட்டத்தையும் உங்கள் வீட்டையும் வைத்து ஒரு புதிய வாக்கியம் அமையுங்கள். இந்த மூன்றாம் படியை விட்டுவிடலாகாது. பிறர் வாக்கியத்தைப் படிப்பவருக்குச் சொல் அறிமுகமாகிறது. சொந்த வாக்கியம் அமைப்பவருக்குச் சொல் உரிமையாகிறது. நான்காவதாக, அச்சொல்லோடு குழப்பத்தக்க வேறொரு சொல்லைப் பக்கத்தின் அடியில் குறித்து, வேறுபாட்டை ஒரு வரியில் எழுதுங்கள்.

பின்னர் மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் அப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தமிழ் வரையறையைக் கையால் மூடிக்கொண்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்த்த பின்னரே கையை எடுக்க வேண்டும். ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹௌஸ் 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வு, ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது பயனுடையது என்று காட்டியது. இது நமக்குப் புதிதன்று. ஒரே நாளில் மரத்தின் பால் முழுவதையும் வடித்துவிட எவரும் முயல்வதில்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டி, மரத்திற்கு ஓய்வு கொடுத்தால்தான் பல ஆண்டுகள் பால் தரும். மனமும் அவ்வாறே.

நாள் ஒன்றுக்கு ஒரு சொல் என்றால், ஓராண்டில் 300க்குக் குறையாத சொற்கள் சேரும். வேலை தொடர்பான கடிதங்களைப் படிக்க அது நல்ல அடித்தளம். இரண்டு மூன்று குடும்பங்கள் மாலையில் கூடிப் பயின்றால் ஊக்கம் குன்றாது. பள்ளி செல்லும் பிள்ளைகள் உச்சரிப்பைச் சொல்லித் தரலாம். பெரியவர்கள் பொருளைத் தொழிலோடு பொருத்திக் காட்டலாம். ஆயினும் ஒன்றை இங்கே வலியுறுத்துகிறோம். ஆட்குறைப்புக் கடிதத்தைப் படித்துப் பொருள் சொல்லும் பொறுப்பைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் சுமத்துதல் தகாது. சொற்களை வாசிக்க அப்பிள்ளையால் இயலும். விளைவை எடைபோட இயலாது.

கையொப்பம் இடுமுன்

சொற்களைக் கற்கும் நாள்வரை கடிதங்கள் காத்திரா. ஆதலின், முழுதும் புரியாத தாள் கைக்கு வரும்போது செய்ய வேண்டியவற்றையும் கூறி முடிக்கிறோம்.

தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். படித்துப் பார்க்க நேரம் கேளுங்கள். அவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையொப்பமிடுவதும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று கையொப்பமிடுவதும் வேறு வேறு. ஆங்கிலத்தில் முன்னது ‘ரிசீவ்ட்’. பின்னது ‘அக்ரீட்’ அல்லது ‘அக்செப்டட்’. எந்தச் சொல்லின் கீழ் உங்கள் பெயர் விழப்போகிறது என்று பாருங்கள். ‘வாலன்டரி’, ‘ஃபைனல் செட்டில்மென்ட்’, ‘வேகன்ட் பொசெஷன்’ ஆகியவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் பேனாவைக் கீழே வையுங்கள். கடைசியாகக் கூறியது, வீட்டைக் காலி செய்து ஒப்படைத்தலைக் குறிக்கும். அத்தாளைச் சங்கக் கிளைச் செயலாளரிடமோ, அருகிலுள்ள தொழிலாளர் இலாகா அலுவலகத்திலோ காட்டி விளக்கம் பெற்ற பின்னர் முடிவு செய்யுங்கள்.

நம் முன்னோர் பலர் எழுதப் படிக்க வாய்ப்பின்றி, தாளின் அடியில் கைரேகை வைத்தார்கள். அவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதால், நாம் இன்று கையொப்பம் இடுகிறோம். கையொப்பத்திற்கு மேலே உள்ள ஒவ்வொரு சொல்லையும் அறிந்து இடுவது நாம் ஏற வேண்டிய அடுத்த படி. இன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, முதற்பக்கத்தில் ‘ரிட்ரென்ச்மென்ட்’ என்று எழுதி, அதன் எதிரே ‘ரெசிக்னேஷன்’ என்று எழுதுங்கள். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதி முடித்துவிட்டால், தொடக்கம் ஆகிவிட்டது.